இசைத்தட்டின் மறுபக்கம் – 7: பெயர் அச்சாகாத கிடார்

2023 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு, அதற்கு 65 ஆண்டுகள் முன்பு பதிவானது. பாட்டின் பெயர் 'ராக்கிங் அரவுண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ'. பாடிய பிரெண்டா லீக்குப் பதிவின்போது வயது 13. முதலிடம் கிடைத்தபோது வயது 78. உலகம் முழுக்க அவர் படம் வந்தது, பேட்டி வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாட்டில் கிடார் வாசித்த ஒருவரின் பெயர் 1958இல் வந்த தட்டிலும் இல்லை, அதற்குப் பிறகு பல்லாண்டுகள் அதைக் கேட்டவர்கள் வாயிலும் இல்லை. அவர் ஹேங்க் கார்லண்ட். இந்த வாரம் அவர் கதை.

கார்லண்டைக் கேட்காதவர்கள் குறைவு. டிசம்பர் மாதம் கடைவீதிகளில் ஒலிக்கும் 'ஜிங்கிள் பெல் ராக்', ராய் ஆர்பிசனின் 'ஒன்லி த லோன்லி', பேட்ஸி கிளைனின் 'ஐ ஃபால் டு பீசஸ்', எல்விஸ் பிரெஸ்லியின் 'லிட்டில் சிஸ்டர்' எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். ஆங்கிலப் பாட்டை விரும்பிக் கேட்காதவர் காதில்கூட அவர் கிடார் ஒருமுறையாவது விழுந்திருக்கும். இதே மனிதர் 1961இல் தன் பெயரில் ஒரு ஜாஸ் ஆல்பமும் வெளியிட்டார். அந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகுதான், முன்னே சொன்ன பாட்டுகளில் நாம் எதைத் தவறவிட்டோம் என்பது புரியத் தொடங்குகிறது.

தெற்கு கரோலினா மாநிலத்தில் கௌபென்ஸ் என்ற சிறிய ஊரில் 1930 நவம்பர் 11 அன்று பிறந்தார். முழுப்பெயர் வால்டர் லூயிஸ் கார்லண்ட். ஆறு வயதில் கிடார் கைக்கு வந்தது. பதின்மூன்று பதினான்கு வயதுக்குள் உள்ளூர் வானொலியில் வாசித்துக்கொண்டிருந்தார். நாஷ்வில்லில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வானொலி மேடைக் கச்சேரி அன்றைய கன்ட்ரி இசைக்குத் தலைநகரம் மாதிரி. அதில் வாசித்துவந்த பால் ஹவர்டு என்பவர் ஊர் வழியாகப் போனபோது பையனைக் கேட்டுவிட்டு, தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். வேலை செய்யும் வயது ஆகவில்லை என்று சீக்கிரமே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டான் பையன். 16 வயது நிறைந்ததும் மறுபடி நாஷ்வில் வந்தான். அதன் பிறகு திரும்பிப் போகவில்லை.

விரல் இளகுவதற்காக அவர் வாசித்துப் பழகிய ஒரு பயிற்சி மெட்டு இருந்தது. 1949இல் டெக்கா நிறுவனம் அதை 'ஷுகர்ஃபுட் ராக்' என்ற பெயரில் பதிவு செய்தது. அடுத்து அதற்கு வரிகள் எழுதிச் சேர்த்து ரெட் ஃபோலி பாடினார், கார்லண்ட் கூட வாசித்தார். 'சாட்டனூகி ஷூ ஷைன் பாய்' என்ற பெருவெற்றிப் பாட்டின் மறுபக்கமாக அது 1950இல் வீடுவீடாகப் போயிற்று. கார்லண்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 'ஷுகர்ஃபுட்' என்ற பட்டப்பெயர் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அந்த வயதில் அவ்வளவு பெயர் வந்தவர் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். கார்லண்ட் வேறு பக்கம் திரும்பினார். கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப்பின் குழுவில் கிடார் வாசித்த பில்லி பேர்டு மேடையில் எளிய கன்ட்ரி மெட்டுகளை வாசித்தாலும் உள்ளுக்குள் ஜாஸ் பைத்தியம். அவர்தான் கார்லண்டுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டவர். ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டுகளைக் கேட்டு, ஒவ்வொரு பிடியாகக் கைக்குக் கொண்டுவந்தார் கார்லண்ட்.

இந்த இருவரின் நட்பு ஒரு வாத்தியத்தையே பிறப்பித்தது. அன்றைய கிப்சன் எல்-5 கிடார், ஜாஸ் கலைஞர்களின் உயர்ந்த வாத்தியம். ஆனால் உடல் தடிமன்; நின்றுகொண்டு இரவெல்லாம் வாசிக்கச் சிரமம். அதே தரத்தில் உடலை மெலிதாக்கி, கழுத்தைக் குட்டையாக்கித் தர முடியுமா என்று இருவரும் கிப்சனைக் கேட்டார்கள். 1955இல் அது வந்தது. உடலின் தடிமன் இரண்டேகால் அங்குலம். தந்தியின் நீளம் இருபத்துமூன்றரை அங்குலம், வழக்கத்தைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் குறைவு. கட்டைகள் நெருங்கி இருப்பதால் இடது கை விரல்களை விரித்துப் பிடிக்கும் கடினமான ஸ்வரக்கூட்டுகள் எளிதாயின. பேர்டு, கார்லண்ட் இரு பெயர்களையும் சேர்த்து 'பேர்ட்லேண்ட்' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் கார்லண்டின் பெயர் தவறாமல் ஒட்டியிருந்தது அந்தக் கிடாரில்தான். அதிலும் பாதிப் பெயர்.

சென்ற வாரம் ஓவன் பிராட்லியும் அவர் தம்பி ஹரால்டும் 16ஆவது அவென்யூவில் வளைந்த தகரக் கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக்கியதைப் பார்த்தோம். 1957இல் ஆர்.சி.ஏ. நிறுவனமும் பக்கத்திலேயே 'ஸ்டூடியோ பி' கட்டியது. இந்த இரண்டு கூடங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருந்த ஒரு சிறு கூட்டம் உண்டு. பியானோவில் ஃப்ளாய்டு கிரேமர், பாஸில் பாப் மூர், டிரம்ஸில் பட்டி ஹார்மன், சாக்ஸஃபோனில் பூட்ஸ் ராண்டால்ஃப், கிடாரில் கிரேடி மார்ட்டின், ஹரால்டு பிராட்லி, கார்லண்ட். ஒரு அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். எழுதிய ஸ்வரத்தாள் பெரும்பாலும் கிடையாது. பாடகர் ஒருமுறை பாடிக் காட்டுவார். இவர்கள் அங்கேயே பேசி, முன்னிசை எது, இடையிசை யாருடையது என்று பிரித்துக்கொள்வார்கள். சங்கம் நிர்ணயித்த கூலி கைக்கு வரும். அடுத்த அமர்வு.

தட்டு வெளிவரும்போது அதில் பாடகர் பெயர், பாட்டெழுதியவர் பெயர், நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இது தற்செயலாக நடந்த தவறு இல்லை. அன்றைய வியாபாரத்தின் நடைமுறையே அதுதான். இதை நான் பெரிய அநியாயமாகவே கருதுகிறேன். ஒரு பாட்டை நாம் முணுமுணுக்கும்போது பல சமயம் முதலில் வருவது வரிகள் அல்ல, அதன் முன்னிசைதான். அந்த முன்னிசையை அந்த மூன்று மணி நேரத்துக்குள் கற்பனை செய்தவருக்கு எழுத்தாளன் என்ற உரிமையும் இல்லை, தட்டில் இடமும் இல்லை. 'ஜிங்கிள் பெல் ராக்' விஷயத்தில் இது கசப்பாகவே முடிந்தது. எழுதியவர்கள் என்று பதிவானவர்கள் ஜோ பீல், ஜிம் பூத் இருவர். கையில் வந்த பாட்டை மாற்றி எழுதி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று பாடகர் பாபி ஹெல்ம்ஸும் கார்லண்டும் சொல்லிவந்தார்கள். அதற்கான பங்கு அவர்களுக்கு வரவில்லை.

1958 ஜூன் 10. எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்தில் இருக்கிறார். விடுப்பில் வந்தவரை ஓர் இரவு ஸ்டூடியோ பி-யில் உட்கார வைத்துப் பாட்டுகளைச் சேகரித்துக்கொள்ள ஆர்.சி.ஏ. ஏற்பாடு செய்தது. அவர் வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்கு விற்பனைக்குச் சரக்கு வேண்டுமே. 1954இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவில் எல்விஸோடு சேர்ந்து ராக்கபில்லியின் உருவத்தையே வரைந்த கிடார்க்காரர் ஸ்காட்டி மூரும் பாஸ் வாசித்த பில் பிளாக்கும் அந்த இரவு இல்லை. ஸ்காட்டியின் இடத்தில் உட்கார்ந்தவர் கார்லண்ட்.

ராக்கபில்லி என்பது மலைப்புறத்து வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸும் உரசிப் பற்றிக்கொண்ட நெருப்பு. அதில் கிடாருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். அந்த இரவில் பதிவான 'எ பிக் ஹங்க் ஓ லவ்' பாட்டைக் கேளுங்கள். எல்விஸ் கத்துகிறார், பியானோ குதிக்கிறது, டிரம்ஸ் இரண்டு பேர். இந்த அமளிக்கு நடுவே கார்லண்டின் கிடார் நுழையும்போது ஒரு ஸ்வரமும் மங்கவில்லை. வேகம் இருக்கிறது, ஆனால் பதற்றம் இல்லை. ஸ்காட்டி மூரின் வாசிப்பில் ஒரு முரட்டு அழகு உண்டு. நான் அதன் ரசிகன். கார்லண்டிடம் இருப்பது வேறு. அடுத்த மூன்று ஸ்வரம் எங்கே விழப்போகிறது என்பது தெரிந்தவனின் நிதானம் அது. ஜாஸ் கற்றுக்கொடுத்த நிதானம் என்றுதான் சொல்வேன். அந்தப் பாட்டு 1959இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

பகல் வேலை இப்படி. இரவில் இதே ஆட்கள் நாஷ்வில்லின் பிரின்டர்ஸ் ஆலி என்ற சந்தில் இருந்த 'கரௌசல் கிளப்'பில் கூடி, தங்களுக்காக ஜாஸ் வாசித்தார்கள். பகலில் நான்கு பிடிக்குள் அடங்கிய விரல்களுக்கு இரவில்தான் விடுதலை. இதைக் கேள்விப்பட்டு நியூபோர்ட் ஜாஸ் விழா அவர்களை 1960இல் அழைத்தது. ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கருவிகளோடு, விழா நடக்கும் ரோட் ஐலண்டில் ஒரு பெரிய மாளிகையையும் வாடகைக்கு எடுத்துத் தந்தது.

ஆனால் ஜூலை 2 அன்று விழா ஊரில் கலவரம் வெடித்தது. நுழைவுச்சீட்டு கிடைக்காத ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பீர் பாட்டில்கள், போலீஸ், கண்ணீர்ப்புகை. மிச்சமிருந்த கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. வந்த கலைஞர்கள் கைகட்டி உட்காரவில்லை. ஜூலை 4 அன்று, தங்கியிருந்த மாளிகையின் திண்ணையிலேயே கருவிகளை வைத்து வாசித்தார்கள். அதுதான் 'ஆஃப்டர் த ரயட் அட் நியூபோர்ட்' என்ற ஆல்பம். கிடார்க்காரர் செட் அட்கின்ஸ், கார்லண்ட், கிரேமர், ராண்டால்ஃப், மூர், ஹார்மன் ஆகியோரோடு வயலின் வாசித்தவர் பிரென்டன் பேங்க்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். அதே ஆண்டு வசந்தத்தில்தான் நாஷ்வில் உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடி இனப்பிரிவினையை உடைத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்து நினைத்தால் அந்தத் திண்ணையின் பெறுமதி விளங்கும்.

அந்தத் திண்ணையில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான், வைப்ரஃபோனோடு. இண்டியானா மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, பாஸ்டனில் இசைக்கல்லூரியில் சேரப்போகும் முன் கோடை விடுமுறையை நாஷ்வில்லில் கழிக்க வந்தவன். பூட்ஸ் ராண்டால்ஃப் மூலம் கார்லண்டுக்கு அறிமுகம். பெயர் கேரி பர்ட்டன். பிற்காலத்தில் ஜாஸ் உலகத்தின் தலைசிறந்த வைப்ரஃபோன் மேதைகளில் ஒருவராக ஆனவர். அவருக்கு முதலில் மேடை கொடுத்தது ஒரு கன்ட்ரி கிடார்க்காரர்.

கார்லண்ட் தன் கனவு ஆல்பத்துக்கு அந்தப் பையனையே அழைத்தார். கொலம்பியா நிறுவனம் 1961இல் வெளியிட்ட அந்த ஆல்பத்தின் பெயர் 'ஜாஸ் விண்ட்ஸ் ஃப்ரம் எ நியூ டைரக்‌ஷன்'. நான்கே பேர். கிடாரில் கார்லண்ட், வைப்ரஃபோனில் பர்ட்டன், பாஸில் ஜோ பெஞ்சமின், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. கடைசிப் பெயரில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவோடு 1958இல் சென்னை வந்தபோது பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தவர் இந்த மொரெல்லோதான். தாளத்தின் உட்கணக்கு தெரிந்த கை.

ஆல்பத்தில் 'மூவ்' என்ற உருப்படி இருக்கிறது. டென்ஸில் பெஸ்ட் இயற்றிய பீபாப் மெட்டு, பாய்ச்சல் வேகம். கார்லண்ட் நீண்ட வாக்கியங்களாகப் பேசுகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, ஆனாலும் வாக்கியம் அறுபடவில்லை. அடுத்து 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'. ஆயிரம் பேர் வாசித்துத் தேய்ந்த மெட்டு அது. அதில் அவர் எடுக்கும் திருப்பங்கள் கற்றுக்கொண்ட திருப்பங்களாகத் தெரியவில்லை. ராக்கபில்லியில் பதினைந்து விநாடிக்குள் எல்லாம் சொல்லிப் பழகியவர் என்பதால், இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தபோதும் வெற்று ஸ்வரம் ஒன்றுகூட விடவில்லை. ஜாஸ் அவருடைய ராக்கபில்லிக்கு நிதானத்தைக் கொடுத்தது என்றேன். ராக்கபில்லி அவருடைய ஜாஸுக்குச் சிக்கனத்தைக் கொடுத்தது. பின்னாளில் புகழின் உச்சிக்குப் போன கிடார்க்காரர் ஜார்ஜ் பென்ஸன், தன்னை ஜாஸ் பக்கம் இழுத்தவர்களில் ஒருவராக ஹேங்க் கார்லண்டைச் சொல்லியிருக்கிறார்.

1961 மார்ச் 25. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடத்துக்கு நிதி திரட்ட எல்விஸ் ஹோனலூலுவில் கச்சேரி செய்தார். அதிலும் கார்லண்ட். அந்தக் கச்சேரியின் ஒலிநாடா 1980இல்தான் முறையாக வெளிவந்தது. எல்விஸ் மேடையில் கார்லண்டைப் பெயர் சொல்லி, பாராட்டி அறிமுகப்படுத்துவது அதில் கேட்கிறது. தட்டில் அச்சாகாத பெயரை எல்விஸே வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு.

ஜூன் கடைசியில் 'லிட்டில் சிஸ்டர்' பதிவு. பேர்ட்லேண்டின் இனிமை இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. கடிக்கிற ஒலி வேண்டும். ஹரால்டு பிராட்லியிடம் இருந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரை இரவல் வாங்கி வாசித்தார் கார்லண்ட். பாட்டு முழுக்க உறுமிக்கொண்டே போகும் அந்தக் கிடார் பகுதி, பிறகு வந்த ராக் கிடார்க்காரர்களுக்குப் பாலபாடமாயிற்று. ஆகஸ்டில் தட்டு வெளியாகி ஐந்தாம் இடம்வரை ஏறியது.

அது கடைகளில் விற்றுக்கொண்டிருந்த செப்டம்பர் 8 அன்று, டென்னசி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே கார்லண்டின் கார் விபத்துக்குள்ளானது. அவருக்கு அப்போது 30 வயது. பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூளையில் காயம். பிறகு மின்னதிர்ச்சி சிகிச்சையும் தரப்பட்டது. நடக்க, பேச, கிடாரைப் பிடிக்க மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். வாசிப்பு ஓரளவு திரும்பியது, ஒலிப்பதிவுக்கூடத்தின் வேகம் திரும்பவில்லை. மீதி வாழ்க்கையைக் குடும்பத்தாரின் பராமரிப்பில் தெற்கு கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும் கழித்தார். 2004 டிசம்பர் 27 அன்று, 74 வயதில் மறைந்தார். விபத்துக்குப் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய பதிவுகள் எல்லாம் அதற்கு முந்தைய 12 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

அவர் ஏன் மறக்கப்பட்டார் என்பதற்கு விபத்தை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. ஜாஸ் விமர்சனம் நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதப்பட்டது. நாஷ்வில்லிலிருந்து ஜாஸ் வரும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. கன்ட்ரி ரசிகருக்கு 'மூவ்' தேவைப்படவில்லை. கடையில் ஒரு தட்டை ஒரு அடுக்கில்தான் வைக்க முடியும். கார்லண்ட் எந்த அடுக்கிலும் நிற்காதவர். கொலம்பியாவுக்காக அவர் வாசித்த ஆல்பங்கள் மொத்தம் மூன்று. நெடுங்காலம் அவை பழைய தட்டு சேகரிப்பவர்களின் அலமாரிக்குள் மட்டுமே இருந்தன. 2001இல் சன்டேஸ்டு என்ற சிறு நிறுவனம் மூன்றையும் சேர்த்து 'மூவ்!' என்ற தலைப்பில் இரண்டு குறுந்தகடுகளாக வெளியிட்டது. அப்போது கார்லண்ட் உயிரோடு இருந்தார்.

பெயர் இல்லாத வாசிப்புகளை மீட்டது வேறு வகை உழைப்பு. ஒவ்வொரு அமர்வுக்கும் கூலி கொடுப்பதற்காக இசைக்கலைஞர் சங்கத்தில் ஒரு படிவம் நிரப்புவார்கள்: தேதி, நேரம், கூடம், வாசித்தவர்கள் பெயர், தொகை. சம்பளக் கணக்குக்காக எழுதிய அந்தத் தாள்கள்தான் பிற்காலத்தில் வரலாற்று ஆவணமாயின. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்கள் இவற்றைத் தோண்டி எடுத்து, இன்ன தேதியில் இன்ன பாட்டில் இன்னார் என்று தொகுப்புகளோடு தடித்த புத்தகங்களாக அச்சிட்டன. ஒரே அமர்வில் மூன்று கிடார்க்காரர்கள் இருந்தால், இந்த இடையிசை யாருடையது என்பதைக் காதால்தான் தீர்க்க வேண்டும். அந்தக் காதைத் தயார் செய்ய இருக்கும் ஒரே வழி, கார்லண்ட் தன் பெயரில் வாசித்த ஜாஸ் ஆல்பத்தை முதலில் கேட்பதுதான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1960இல் வந்த வெஸ் மான்ட்கமரியின் 'த இன்க்ரெடிபிள் ஜாஸ் கிடார்' ஆல்பத்தைக் கிடார் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதே. அதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது கார்லண்டின் 'ஜாஸ் விண்ட்ஸ்'. ஒரே ஜாஸ் ஆல்பம்தானே என்று தள்ளிவிடக் கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இவை அனைத்தும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. முதலில் 'மூவ்' கேளுங்கள், இரண்டு முறை. அதன் பிறகு 'எ பிக் ஹங்க் ஓ லவ்', 'லிட்டில் சிஸ்டர்', கடைசியாக 'ஐ ஃபால் டு பீசஸ்'. பாடகரை விட்டுவிட்டுக் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். பிடித்திருந்தால், நண்பர் ஒருவருக்கு அனுப்பும்போது பாடகர் பெயருக்குப் பக்கத்தில் ஹேங்க் கார்லண்டின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம், மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றில் பழுதான ஒலிக்கருவி வழியே கிரேடி மார்ட்டின் வாசித்த பகுதியும், அதிலிருந்து பிறந்த ஃபஸ் ஒலியும்.

(தொடரும்)